வள்ளத்தைக் கடல் தாங்கும், தொட்டியை எது தாங்கும்?

வீட்டுவேலை: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, குளியலறைத் தொட்டியைப் பற்றியவை. கூரை, கதவு, ஹீற்றர் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஐந்துக்கும் பதில் எழுதுகிறேன். முதல் பதில் நீளம். மற்ற நால்வரும் அதையும் வாசிக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, ஸ்காபரோ மல்வேனில் எங்களுக்கு மாடி வீடு. ஆறு வருஷத்துக்கு முன் மேல்மாடிக் குளியலறையைத் திருத்தி, பைபர்கிளாஸ் தொட்டி ஒன்று பூட்டினோம். ஒரு வருஷத்துக்குள்ளேயே உள்ளே கால் வைத்தால் அடி மெல்ல இறங்கி ‘கிறீச்’ என்று சத்தம் போடத் தொடங்கியது. அப்படியே பழகிவிட்டோம். போன மாதம் தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் மயிர் போல ஒரு கோடு தெரிந்தது. இப்போது அது மூன்று அங்குலம். வேலை செய்தவர் வந்து சிலிக்கோன் பூசி, இனிப் பயமில்லை என்றார். இரண்டு கிழமையில் அது உரிந்துவிட்டது. தொட்டியைக் கழற்றி எறியத்தான் வேண்டுமா?

பதில்: தங்கச்சி, எறிவதா வைத்திருப்பதா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அதில் குளிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மயிர்க்கோடுதானே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ஏறி நிற்கும்போது அந்தக் கோடு வாய் திறக்கும், இறங்கியதும் மூடும். திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சத் தண்ணீர் உள்ளே போகும். கீழே இருப்பது பிளைவுட்டும் மரமும். கீழ் அறையின் கூரையில் மஞ்சள் கறை தெரியும்போது மேலே பலகை ஊறிக் கனநாள் ஆகியிருக்கும்.

தொட்டி ஏன் வெடித்தது, சிலிக்கோன் ஏன் உரிந்தது, இரண்டுக்கும் காரணம் ஒன்று: அடி அசைகிறது. அசையும் இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது.

1979இல், பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்துக் காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சுக்கு மெழுகு பூசுவோம். அதன்மேல் ஜெல்கோட். அது இறுகத் தொடங்கியதும் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, றெசின் என்ற, இறுகும் பிசினைத் தடவி, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவோம். கனடாவில் நீங்கள் வாங்கும் பைபர்கிளாஸ் தொட்டியும் அதே வழியில்தான் பிறக்கிறது. இங்கே பாய்க்குப் பதிலாக நாரைத் துண்டு துண்டாக வெட்டி றெசினோடு சேர்த்துத் துப்பாக்கியால் விசிறுவார்கள், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பளபளப்பு ஜெல்கோட். அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர் வரும். பின்னால் நாரும் றெசினும் சேர்ந்து மூன்று, நாலு மில்லிமீற்றர். நார் வளைந்து கொடுக்கும், திரும்பி வரும். ஜெல்கோட்டுக்கு அந்தக் குணம் கிடையாது.

வள்ளம் வெடித்ததை நான் கடலில் கண்டது குறைவு. கரையில் கண்டதுதான் அதிகம். கடலில் கிடக்கும்போது தண்ணீர் அதன் அடி முழுவதையும் தாங்குகிறது. மணலில் இழுத்துவிட்டாலும் மணல் அடியின் வளைவுக்கேற்ப அமர்ந்து கொடுக்கும். ஆனால் சிலர் மாரி தொடங்கியதும் இரண்டு பனங்குற்றிகளைப் போட்டு, வள்ளத்தை அதன்மேல் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். மழைத்தண்ணீர் உள்ளே நிறைந்துவிடும். தை மாதம் திருத்தக் கொண்டுவருவார்கள். வெடிப்பு எங்கே இருக்கும் தெரியுமா? அடி தொங்கிக்கொண்டிருந்த நடு இடத்தில் அல்ல. குற்றியின் விளிம்பு பட்ட இடத்தில், கோடு கீறினாற்போல் இருக்கும். மெல்லிய ஓடு ஒன்று வளைந்துகொண்டே வந்து, வளையாத ஒன்றில் முட்டும் இடத்தில்தான் முறியும். எங்கள் தலைமை ஓடாவி இதைச் சொல்லித் தரவில்லை. வெடிப்பின்மேல் என் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். அந்த விரல்தான் இன்றுவரை எனக்குப் பாடம்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். ஐந்தடித் தொட்டி ஒன்றில் நன்றாக நிரப்பினால் 180 லீற்றர் தண்ணீர் நிற்கும். அதுவே 180 கிலோ. 80 கிலோ ஆள் ஒருவர் இருந்தால் 260 கிலோ. ஆனால் என்னைக் கேட்டால் தொட்டியைக் கொல்வது அந்தப் பாரம் அல்ல. நின்று குளிக்கும்போது குதிக்கால் இரண்டில் இறங்கும் பாரம்தான். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு தடவை என்றாலும் வருஷத்துக்கு 1,460 தடவை அடி இறங்கி ஏறுகிறது. உங்களுடையது ஆறு வருஷம். ஓட்டையைச் சுற்றி வெடித்ததும் தற்செயல் இல்லை. கழிவுக் குழாயின் உலோக வளையம் அந்த இடத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பனங்குற்றி செய்த வேலையை இங்கே அந்த வளையம் செய்கிறது.

பூட்டியவர் செய்த பிழை என்ன என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நானும் அதையே செய்திருக்கிறேன். 1990இல் இங்கே என் கையால் பூட்டிய முதல் தொட்டியில், சுவரோடு சேரும் விளிம்புப் பட்டியை மரத்தோடு ஆணியடித்து, மட்டம் பார்த்து, சரியென்று வந்துவிட்டேன். பதினெட்டு மாதத்தில் அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டார். கழற்றிப் பார்த்தபோது தொட்டியின் கால்கள் நிலத்துக்குக் கால் அங்குலம் மேலே நின்றன. தொட்டி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். காசு வாங்காமல் புதிதாகப் பூட்டிக் கொடுத்தேன். கடற்கரையில் தெரிந்திருந்ததைக் குளியலறையில் மறந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஈரம் துடைத்துவிட்டு, விரல் மொழியால் அடியை ஓரத்திலிருந்து ஓரம் தட்டிக்கொண்டு போங்கள். கீழே தாங்கல் உள்ள இடம் ‘மொத்’ என்று அடங்கி ஒலிக்கும். வெற்றிடம் உள்ள இடம் மேளம் மாதிரிக் கேட்கும். பென்சிலால் அந்த எல்லையைக் கீறிவையுங்கள். பிறகு ஒருவர் உள்ளே ஏறி நிற்க, மற்றவர் சுவரும் தொட்டி விளிம்பும் சேரும் இடத்தைப் பார்க்கட்டும். அந்த இடைவெளி திறந்தால் விளிம்பும் தாங்கப்படவில்லை.

அடுத்தது, அடிக்குள் கை போக வழி. தொட்டியின் நீளச் சுவருக்கு மறுபக்கம் படுக்கையறையோ அலுமாரி அறையோ இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்தப் பக்கச் சுவரை மூடியிருக்கும் டிறைவோல் பலகையை நிலத்திலிருந்து ஓரடி உயரத்துக்கு வெட்டுங்கள். சுவருக்குள் நிற்கும் மரங்களுக்கு இடையில் பதினாலு அங்குல வாசல்கள் கிடைக்கும். அதனூடாகத் தொட்டியின் அடி முழுவதற்கும் கை எட்டும். டிறைவோல் திரும்பப் போடுவது ஒருநாள் வேலை. அதற்குப் பயந்து தொட்டியை இழக்க வேண்டாம். கையை விட்டதும் முதலில் ஒரு திருகாணிச் சாவியால் பலகையைக் குத்திப் பாருங்கள். இலகுவாக இறங்கினால் பலகை உக்கிவிட்டது. அப்படியானால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம். தொட்டியைக் கழற்றிப் பலகையை மாற்றுவது ஒன்றுதான் வழி.

பலகை நல்லதென்றால் வெற்றிடத்தைச் சாந்தால் நிரப்பலாம். தடித்த பிளாஸ்ரிக் பைகளில் சாந்தைப் பாதியளவுக்குப் போட்டு, வாயைக் கட்டி, ஒரு தட்டைப் பலகையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். பை தொட்டியின் அடியைத் தொட்டு நசிந்து அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஒன்றையொன்று தொடுமாறு வையுங்கள். ஒருநாள் முழுக்கத் தொட்டிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது.

மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுக்கலாமே என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது பனங்குற்றி. நடுவில் ஒரு கட்டையை இறுக்கி வைத்தால் இன்றைக்கு அசைவு நிற்கும். அடுத்த வருஷம் கட்டையின் விளிம்பில் புது வெடிப்பு வரும். ஒன்றும் இல்லாமல் விடுவதைவிட அது மோசம்.

நீளச் சுவர் வெளிச்சுவராக இருந்தால் உள்ளே குளிர்காப்பு இருக்கும், அந்தப் பக்கம் வெட்ட வழியில்லை. அப்போதுதான் ஃபோம், டின்னிலிருந்து அடித்தால் உப்பி இறுகும் நுரை. யன்னல், கதவுக்கு அடிக்கும், குறைவாக உப்பும் வகை மட்டும் வாங்குங்கள். கீழ்க் கூரையைத் திறந்து, தீராந்திகளுக்கு நடுவே பலகையில் துளைபோட்டு, கொஞ்சம் அடித்து, காய விட்டு, மறுபடி கொஞ்சம் அடியுங்கள். ஒரேயடியாக நிரப்பினால் தொட்டியையே தூக்கிவிடும். நடுவில் காயாமல் பச்சையாகவும் கிடக்கும். அடிக்கும்போது உள்ளே ஒரு பிளைவுட் துண்டின்மேல் தண்ணீர் நிறைத்த 20 லீற்றர் வாளிகள் ஆறு வையுங்கள். 120 கிலோ பாரம் தொட்டியை இடத்தில் பிடித்திருக்கும். சாந்தின் ஆயுள் ஃபோமுக்கு இல்லை. வேறு வழியில்லாதபோது அது நல்ல துணை.

அசைவு நின்ற பிறகுதான் வெடிப்பைத் தொட வேண்டும். கோட்டின் இரண்டு முனைகளிலும் மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் அதற்குமேல் ஓடாது. கோட்டை நீளத்துக்கும் சாய்வாக அராவி, அசிற்றோனால் துடைத்து, நாரும் றெசினும் நிரப்பி, இறுகியதும் தேய்த்து, மேலே ஜெல்கோட். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுத்தபடியே நிற்கும். அதனால் மெழுகு சேர்ந்த வகையை வாங்க வேண்டும், அல்லது மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டி மூட வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாளால் 220ஆம் இலக்கத்தில் தொடங்கி 400, 600, 1000 என்று தேய்த்து மினுக்குங்கள். அசிற்றோன் தீப்பிடிக்கும், றெசின் புகை நெஞ்சுக்குக் கூடாது. யன்னலைத் திறந்து, விசிறி போட்டு, இரசாயனப் புகைக்கான முகமூடி அணிந்துதான் செய்ய வேண்டும். பஞ்சுத் துணி முகமூடி போதாது. எங்களோடு வேலை செய்தவர்கள் அந்த நாளில் ஒன்றும் போடாமல் செய்தார்கள். அதைப் பார்த்துப் பழக வேண்டாம். கையில் பழக்கமில்லையென்றால் இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் தொட்டி திருத்துபவரிடம் கொடுங்கள். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு, நிறம் பிடிப்பது லேசில்லை.

ஆக, பலகை உக்காமல், வெடிப்பு இந்த மூன்று அங்குலத்தோடு நின்றால் வைத்திருக்கலாம்.

கேள்வி: அண்ணை, அஜாக்ஸில் வீடு வாங்கியிருக்கிறோம். தொட்டியை நானே மாற்றப்போகிறேன். புதுத் தொட்டியோடு வந்த கைநூலில் அடியில் சாந்துப் படுக்கை போடுவது நல்லது என்று மட்டும் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை. கடையில் நின்ற பொடியன் ஸ்பிரே ஃபோம் இரண்டு டின் போதும் என்கிறான். எதைக் கேட்பது?

பதில்: தம்பி, கைநூலைக் கேளுங்கள். ‘நல்லது’ என்று அவர்கள் எழுதினால் ‘செய்’ என்று வாசியுங்கள். சில தொட்டிகளுக்கு அடியில் தடித்த ஃபோம் பலகை ஒட்டி வரும். அவற்றுக்குச் சாந்து போடவேண்டாம் என்றே எழுதியிருப்பார்கள், அப்போது போடவும் கூடாது. உத்தரவாதமும் அந்த எழுத்தின்படிதான்.

உங்களுடையதற்குப் போடலாம் என்பதால் எப்படி என்று சொல்கிறேன். பழைய தொட்டியை எடுத்ததும் நிலப் பலகையில் நடந்து பாருங்கள். ஆடினால் திருகாணி போட்டு இறுக்குங்கள், உக்கிய துண்டை மாற்றுங்கள். ஆடும் பலகைமேல் எவ்வளவு நல்ல சாந்தும் பயனில்லை. பிறகு சாந்து இல்லாமல் தொட்டியை ஒருமுறை இடத்தில் இறக்குங்கள். நீர்மட்டம் வைத்து நீளத்துக்கும் அகலத்துக்கும் பாருங்கள். ஓட்டைப் பக்கம் சாய்வு தொட்டிக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது, நீங்கள் சாய்க்க வேண்டியதில்லை. விளிம்பு மட்டமாக நின்றால் போதும். அந்த நிலையில் பின் சுவரில் விளிம்பின் அடி எங்கே வருகிறது என்று பென்சிலால் கீறுங்கள். ஒன்றுக்கு நாலு அங்குலப் பலகை ஒன்றின் மேற்புறம் அந்தக் கோட்டில் நிற்குமாறு மரங்களில் திருகுங்கள். இது விளிம்பு வளையாமல் இருப்பதற்கான தாங்கு பலகை. தொட்டியைத் தொங்கவிடுவதற்கான கொழுக்கி அல்ல. கால்கள் நிலத்தைத் தொட வேண்டும், பலகை விளிம்பைத் தொட வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். கால் ஒன்று தொடவில்லையென்றால் பிளாஸ்ரிக் ஆப்பு வைத்து ஒட்டுங்கள். மர ஆப்பு காலப்போக்கில் நசியும்.

அடிக்கும் நிலத்துக்கும் இடைவெளி எவ்வளவு? பிள்ளைகள் விளையாடும் களிமண்ணிலோ கோதுமை மாவிலோ நாலைந்து உருண்டை பிடித்து நிலத்தில் வைத்து, தொட்டியை இறக்கி, திரும்பத் தூக்குங்கள். உருண்டை நசிந்து நிற்கும் உயரம்தான் உங்கள் கணக்கு.

சாந்துக்கு, சீமெந்து சேர்ந்த 30 கிலோ மணற்கலவைப் பை இரண்டு எடுத்து வையுங்கள். தண்ணீரின் அளவில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். பிட்டு மா போல உதிர்ந்தால் நசியாது, தொட்டி அதன்மேல் குந்திக்கொண்டு நிற்கும். கூழ் போல ஓடினால் ஈரம் வற்றும்போது சுருங்கி விலகும். உழுத்தங்களிப் பதம் வேண்டும். கரண்டியால் அள்ளி வைத்தால் கும்பியாக நிற்க வேண்டும், அமத்தினால் நசிய வேண்டும். நிலத்தில் தடித்த பிளாஸ்ரிக் தாள் விரியுங்கள், இல்லாவிட்டால் பலகை சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். சாந்தை ஒரே தட்டையாகப் பரப்ப வேண்டாம். இடைவெளியைவிட ஒரு அங்குலம் உயரமான கும்பிகளாக, கிட்டக்கிட்ட வையுங்கள். நசியும்போது விலகிப் போக அவற்றுக்கு இடம் வேண்டும். கழிவுக் குழாய்க்கான வெட்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். மேலே இன்னொரு தாள். பிறகொரு நாள் தொட்டியைக் கழற்ற வேண்டி வந்தால் அது ஒட்டாமல் வரும்.

தொட்டியை நேராக இறக்குங்கள், இழுத்துத் தள்ளக் கூடாது. உள்ளே பலகைத் துண்டு போட்டு முழங்காலால் அமத்தி, கால்கள் நிலத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். மட்டம் பாருங்கள். விளிம்புப் பட்டியில் ஆணிக்கு முன்பே துளை போட்டுக்கொள்ளுங்கள். நாகம் பூசிய அகலத்தலை ஆணியை, தலை பட்டியைத் தொடும்வரை அடித்தால் போதும். சுத்தியலின் கடைசி ஒரு அடியில் பட்டியை வெடிக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 24 மணித்தியாலம் அறைக் கதவைப் பூட்டிவையுங்கள்.

ஓடு ஒட்டும் பசையைப் படுக்கையாகப் போடலாமா, டிறைவோல் பூசும் பசை போதுமா என்றும் சிலர் கேட்பார்கள். இரண்டும் இந்தத் தடிப்புக்கு ஆனவை அல்ல.

கடைசியில் ஒன்று. சுவரோரம் சிலிக்கோன் பூசுவதற்கு முன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்புங்கள். பாரத்தில் அது இறங்கக்கூடிய அளவு இறங்கட்டும். அப்படியே பூசி, காய்ந்த பிறகு தண்ணீரை விடுங்கள். வெறும் தொட்டிக்குப் பூசினால் முதல் குளிப்பிலேயே இழுபடும்.

கேள்வி: பிரம்ரனில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 78 வயது. தொட்டிக்குள் நாலு கால் கதிரை போட்டு, வாளியில் தண்ணீர் நிறைத்து, ஊரில்போல அள்ளிக் குளிப்பார். அது பைபர்கிளாஸ் தொட்டி. கதிரைக் கால் வெடிக்கச் செய்யுமா?

பதில்: அம்மா அப்படியே குளிக்கட்டும். அள்ளிக் குளிப்பதில் கிடைக்கும் ஆறுதலை ஷவர் தராது. தொட்டியைத்தான் அவருக்கு ஏற்றபடி ஆக்க வேண்டும்.

கதிரையின் நாலு கால் என்றால் அம்மாவின் முழுப் பாரமும் நாலு சின்ன வட்டங்களில் இறங்குகிறது. அடியில் நல்ல சாந்துப் படுக்கை இருந்தால் ஒன்றும் ஆகாது. முதல் பதிலில் சொன்னபடி தட்டிப் பாருங்கள். கால்கள் நிற்கும் நாலு இடமும் மேளம்போல ஒலிக்காவிட்டால் நிம்மதி. ஒலித்தால், படுக்கை போடும்வரை கதிரைக் கால்களுக்கு அகலமான இறப்பர் பாதங்கள் வாங்கிப் பூட்டுங்கள். மருந்துக்கடைகளில் குளியல் உபகரணப் பகுதியில் கிடைக்கும். மாதம் ஒருமுறை பாதம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்து உலோகக் குழாய் தெரிந்தால் அது ஜெல்கோட்டை வெட்டும், அதைவிட முக்கியமாகக் கதிரை வழுக்கும்.

வாளியைத் தொட்டிக்குள் ‘டம்’ என்று வைக்க வேண்டாம். கீழே ஒரு இறப்பர் பாய் விரித்துவிடுங்கள். எண்ணெய் வைத்துத் தோயும் நாளில் அம்மா இறங்குவதற்கு முன் தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அவர் பிடித்து எழும்பச் சுவரில் கைபிடி இருக்கிறதா? தொட்டியோடு வந்த மெல்லிய பைபர்கிளாஸ் சுவரில் வெறும் திருகாணி போட்டுக் கைபிடி பூட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். அவர் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுக்கும் நாளில் அது கையோடு வரும். சுவருக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே இரண்டுக்கு எட்டு அங்குலப் பலகை குறுக்கே வைத்து, அதில் திருகாணி இறங்க வேண்டும். உயரம், தொட்டிக்கு வெளியே நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குலம். தொட்டி வெடித்தால் காசு போகும். கைபிடி கழன்றால் அம்மாவின் இடுப்பு.

கேள்வி: மொன்றியலில் அடுக்குமாடி வீடு. நிலம் கொங்கிறீற். கண்ணாடி ஷவருக்கு பைபர்கிளாஸ் தட்டு ஒன்று வைக்கப் போகிறோம். கொங்கிறீற் என்றால் படுக்கை தேவையில்லைத்தானே?

பதில்: தேவை. கொங்கிறீற் அசையாது, சரி. ஆனால் தட்டின் அடி கொங்கிறீற்றைத் தொடுவதில்லை. விளிம்பும் கால்களும்தான் தொடும், நடுவில் வெற்றிடம். ஷவர் தட்டில் எல்லாரும் எப்போதும் நின்றுதான் குளிக்கிறார்கள், அதுவும் ஓட்டையைச் சுற்றி ஒரே இடத்தில். தொட்டியைவிட அதற்குத்தான் அவசரம். மேலே சொன்ன அதே சாந்து, அதே தாள்கள். தொடங்கும்முன் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: கோப்பாயில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுகிறோம். கொழும்பிலிருந்து பைபர்கிளாஸ் தொட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். மேசன் சுற்றிவரக் கல் வைத்துக் கட்டி, தொட்டிக்கு அடியில் மணல் நிரப்பிவிடலாம், காலத்துக்கும் அசையாது என்கிறார். நான் இங்கே ரொறன்ரோவில் இருந்துகொண்டு என்ன சொல்வது?

பதில்: உங்கள் மேசன் அடி தாங்கப்பட வேண்டும் என்பதைப் புரிந்திருக்கிறார். இங்கே அனுமதிப் பத்திரத்தோடு வேலை செய்யும் பலருக்கு அது தெரியாது. அவரை மறுத்துப் பேச வேண்டாம். மணலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கடற்கரை மணல் வள்ளத்தைத் தாங்கும் என்று நானே மேலே எழுதினேன். அது திறந்த வெளி. குறைந்தால் நாளைக்குக் கையால் அள்ளிப் போடலாம். கல்லால் மூடிய பெட்டிக்குள் மணல் நாளடைவில் அமர்ந்து இறங்கும். கழிவுக் குழாயில் ஒரு சொட்டு ஒழுக்கு இருந்தாலும் அது மணலை அரித்துக்கொண்டு போகும், வெளியே ஒன்றும் தெரியாது. மேலே தொட்டி தொங்கத் தொடங்கிவிடும். ஈர மணலுக்குள் எறும்பும் குடிவரும்.

மேசனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சீமெந்து ஒரு பங்கு, மணல் நாலு பங்கு. நிலத்தில் பொலித்தீன் விரித்து, சாந்தைக் கும்பி கும்பியாக வைத்து, மேலே இன்னொரு பொலித்தீன் போட்டுத் தொட்டியை இறக்கி மட்டம் பார்க்க வேண்டும். அவருக்கு இது அரைநாள் வேலை. சுற்றிவரக் கல் வைக்கும்போது கல்லின் மேல்வரிசை தொட்டி விளிம்பைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விட்டுச் சிலிக்கோன் போட வேண்டும். சாந்து வைத்து இறுக்கினால் தொட்டி திரும்பவும் விளிம்பில் தொங்கும்.

கழிவுக் குழாய் இருக்கும் பக்கத்தில் கட்டாயம் ஒரு சின்னக் கதவு. ஓரடிக்கு ஓரடி போதும். குழாய் ஒழுகினால் கையை விட்டுப் பார்க்க வேறு வழி இல்லை. கல்லை உடைக்கும் உளி தொட்டியையும் சேர்த்து உடைக்கும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. தொட்டியில் வெள்ளைப் படை பிடிக்கும். அதை எடுக்க அசிட் ஊற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து துணியால் துடைத்துக் கழுவினால் போதும். கம்பிப் பஞ்சு போடவே கூடாது, ஜெல்கோட்டின் மினுக்கம் போய்விட்டால் அழுக்கு அதில்தான் ஏறும்.

இந்தப் பக்கத்தைப் படமெடுத்து மேசனுக்கு அனுப்புங்கள். தொட்டியை இறக்குவதற்கு முன், அதைக் கவிழ்த்து வைத்து அடியைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கால்கள் எங்கே இருக்கின்றன, அடியில் பலகை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கும்பிகளை எங்கே வைப்பது என்று கீறி அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன். கல் வைத்து மூடிய பிறகு அனுப்பினால் என்னால் ஒன்றும் பார்க்க முடியாது.